கோல் அடிக்கிற பிள்ளையும் பந்து கொடுக்கிற பிள்ளையும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளை, அதுவும் பெண் பிள்ளைகளை, பின்னேரம் கிறவுண்டுக்கு அனுப்பும் உம்மா வாப்பாமார், அம்மா அப்பாமார் எல்லாருக்கும் பொதுவான விசயம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

கேள்வி இதுதான். ஓர் அணியில் ஏற்கனவே பெயர் எடுத்த ஒரு பிள்ளை இருக்கிறது. பார்க்க வருகிற ஆட்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள். அதே அணியில், பந்தைக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையின் கையில் சேர்க்கிற வேலை இன்னொரு சின்னப் பிள்ளைக்கு. இந்தச் சின்னப் பிள்ளை அங்கே இருந்தால் வளருமா? அல்லது பெரிய மரத்துக்குக் கீழே நட்ட கன்று மாதிரி நின்றுவிடுமா?

எங்கள் பாடசாலையின் 16 வயதுக்குட்பட்ட வலைப்பந்து அணிக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் நாங்கள். அணியின் சென்டர் பிள்ளை தரம் 9. உயரம் குறைவு, ஓட்டம் கூட. நெட் போல் தெரியாத ஆள் பார்த்தாலும் இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியிருக்காது, அவ்வளவு ஓட்டம். ஜீ.எஸ். இடத்தில், அதாவது கோல் சூட்டராக, தரம் 10 பிள்ளை ஒருத்தி விளையாடுகிறாள். மாஷா அல்லாஹ், நல்ல உயரம், நிதானமான கை. வலய மட்டப் போட்டிகளில் எதிர் அணிகள் முதலில் விசாரிப்பது அவள் வந்திருக்கிறாளா என்றுதான்.

சென்டர் பிள்ளையின் மாமா அண்மையில் எங்களோடு கதைத்தார். கோபமாகக் கதைக்கவில்லை. யோசித்துத்தான் கதைத்தார்.

"டீச்சர், மருமகள் இங்க விளையாடுறது எங்களுக்குச் சந்தோசம். ஆனா மெட்ச் முடிஞ்சா எல்லாரும் அந்த உயரமான பிள்ளையத்தான் கேக்குறாங்க. போட்டோவும் அவவுக்குத்தான். இன்னொரு ஸ்கூல்ல கேட்டிருக்காங்க. அங்க பெரிய ஆக்கள் இல்ல. அங்க போனா இவதான் எல்லாம். என்ன சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. விளையாட்டுத் திறமைக்கென்று பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடு இருப்பதும் அவருக்குத் தெரியும். சான்றிதழ் பெட்டிக்குள் கிடக்கிற தாள் இல்லை, ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பக்கூடியது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றம் நானா" என்றோம். யோசித்ததைத்தான் எழுதுகிறோம். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கலாம்.

முதலில் வலைப்பந்து தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஓர் அணியில் ஏழு பேர். ஒவ்வொருவரும் போகக்கூடிய பகுதி விதியில் இருக்கிறது. கோல் அடிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர், கோல் சூட்டரும் கோல் அட்டாக்கும். சென்டர் மைதானம் முழுக்க ஓடலாம், இரண்டு பக்கமும் உள்ள கோல் வட்டத்துக்குள் மட்டும் கால் வைக்க முடியாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. கையில் வந்தால் 3 செக்கனுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். சென்டராக விளையாடும் பிள்ளை எத்தனை மெட்ச் விளையாடினாலும் அந்த இடத்தில் நின்று ஒரு கோல்கூட அடிக்க முடியாது. விதியே அப்படி. கோல் கணக்கில் சூட்டரின் பெயரும் கோல் அட்டாக்கின் பெயரும் இருக்கும். சென்டர் ஓடிய ஓட்டத்துக்கும் கொடுத்த பந்துக்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. ஆகவே மாமா சொன்ன "பேர் வருதில்ல" என்ற கவலையில் ஒரு பாதி எங்கள் உயரமான பிள்ளையால் வந்ததல்ல. எந்தப் பாடசாலைக்குப் போனாலும் சென்டருக்கு அந்தப் பாதி கூடவே போகும்.

நம் துறைமுகத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிறீமா ஆலைக்குக் கோதுமை ஏற்றி வருகிற கப்பல் உள்ளே வந்தால் கரையில் நிற்கிற பிள்ளைகள் கப்பலைத்தான் கை காட்டும். அதைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்க்கிற சின்ன இழுவைப் படகு யார் கண்ணிலும் படாது.

கூடைப்பந்தில் இந்த இழுவைப் படகு வேலைக்குப் பெயர் பொயின்ட் கார்ட். கூடைப்பந்தும் நமக்குப் புதிதல்ல. நம் ஊர் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் அந்த விளையாட்டை ஊன்றி வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல் போனார். இன்றுவரை திரும்பவில்லை. அந்தக் காலத்தில் விளையாடிய பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பந்து கொண்டுவருகிற ஆளின் அருமை என்னவென்று அவர்களிடம் கேட்டால் நாங்கள் எழுதுவதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சரி, நட்சத்திரம் நன்மையா தீமையா? இதற்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான். அந்த நட்சத்திரம் உங்கள் பிள்ளையின் கதிரையில் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது பக்கத்துக் கதிரையிலா?

ஒரே கதிரை என்றால் பிரச்சினை உண்மையானது. ரங்கன ஹேரத்தை எல்லாருக்கும் தெரியும். 1999இல் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் விளையாடினார். அடுத்த 10 வருடம் அணிக்குள் வருவதும் வெளியே போவதுமாகவே கழிந்தது. காரணம் அவர் திறமை குறைந்தவர் என்பதில்லை. சுழற்பந்து வீச்சாளர் இடத்தில் முத்தையா முரளிதரன் இருந்தார். அதற்கு மேல் என்ன செய்வது? 2009 ஜூலையில் முரளிக்குக் காயம். இங்கிலாந்தில் கழக மட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஹேரத்தை அவசரமாகக் கூப்பிட்டார்கள். வந்தவர் காலியில் பாகிஸ்தானின் கடைசி இன்னிங்ஸில் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்தார். அடுத்த வருடம் அதே மைதானத்தில் முரளி 800 விக்கெட்டோடு ஓய்வு பெற்றபோது ஹேரத்துக்கு 32 வயது. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது. அவர் அதற்குப் பிறகுதான் தன் விக்கெட்டுகளில் பெரும்பகுதியை எடுத்தார். 2018இல் விடைபெறும்போது 433.

இந்தக் கதையைச் சிலர் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் பெற்றோராகக் கேட்டால் வேறொன்றும் தெரியும். ஒரு பிள்ளையின் இளம் வயது பெஞ்சில் போயிருக்கிறது. உங்கள் பிள்ளையும் சென்டர், அந்தப் பாடசாலையில் ஏற்கனவே அதே வயதில் அருமையான சென்டர் ஒருத்தியும் இருக்கிறாள் என்றால், வேறு பாடசாலையோ வேறு இடமோ பார்ப்பதில் பிழை இல்லை. விளையாடினால்தான் விளையாட்டு வரும்.

எங்கள் பிள்ளையின் நிலை அதுவல்ல. உயரமான பிள்ளை பக்கத்துக் கதிரையில் இருக்கிறாள். இவள் ஒவ்வொரு மெட்சிலும் நான்கு குவாட்டரும் களத்தில் இருக்கிறாள்.

பக்கத்துக் கதிரையில் நட்சத்திரம் இருந்த ஒரு பொயின்ட் கார்டின் கதை டோனி பார்க்கருடையது. பிரான்ஸில் வளர்ந்தவர். 2001இல் என்.பீ.ஏ. தெரிவில் 28ஆவது ஆளாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை எடுத்தது. வயது 19. அங்கே ஏற்கனவே டிம் டங்கனும் டேவிட் றொபின்சனும் இருந்தார்கள், இரண்டு பேரும் உயரமான ஆட்கள், இரண்டு பேரும் பெரிய பெயர்கள். சில மெட்சுகளிலேயே பார்க்கர் முதல் ஐந்து பேரில் ஒருவராகிவிட்டார். 2003இல், 21 வயதில், சம்பியன் அணியின் பொயின்ட் கார்ட்.

இதுவரை கேட்டால் நட்சத்திரங்களோடு இருந்ததால் எல்லாம் லேசாகக் கிடைத்தது போல இருக்கும். அந்த இறுதிச் சுற்றின் கடைசி மெட்சில், ஆட்டம் இறுகிய நேரத்தில், பயிற்சியாளர் கிரெக் பொப்போவிச் பார்க்கரை வெளியே இருத்திவிட்டு ஸ்பீடி கிளாக்ஸ்டனை விட்டார். அந்த ஆட்டத்தோடு கிண்ணமும் வந்தது. அதோடு முடியவில்லை. அதே விடுமுறையில் எதிர் அணியின் பொயின்ட் கார்டான ஜேசன் கிட்டைத் தங்கள் அணிக்குக் கூப்பிட ஸ்பர்ஸ் முயன்றது. அதாவது பார்க்கரின் கதிரைக்கே ஆள் தேடினார்கள். கிட் வரவில்லை. பார்க்கர் அங்கேயே இருந்தார். நான்கு வருடம் கழித்து 2007 இறுதிச் சுற்றில் அணி நாலுக்குப் பூச்சியம் என்று வென்றபோது, அந்தச் சுற்றின் சிறந்த வீரர் விருது டங்கனுக்குப் போகவில்லை, பார்க்கருக்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

இந்த நான்கு வருடத்தில் டங்கன் எங்கும் போய்விடவில்லை. அதே டங்கன்தான் பக்கத்தில் இருந்தார். மாறியது பார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. பந்தைக் கொண்டுவந்து டங்கனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற ஆளாக அவரை விட்டுவைக்கவில்லை. எப்போது தானே உள்ளே நுழைவது, எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கச் சொல்லி, முடிவு பிழைத்தால் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டு வளர்த்தார்கள். டங்கன் மீது இரண்டு பேர் போய் நின்றதால் பார்க்கருக்கு வழி திறந்ததும் உண்மை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வலைப்பந்து என்றால் தர்ஜினி சிவலிங்கத்தை விட்டுவிட்டுக் கதைக்க முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு அவர் தர்ஜினி அக்கா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உயரம் 208 சென்ரிமீற்றர், அதாவது 6 அடி 10 அங்குலம். வளையத்தின் உயரம் 10 அடி. அவர் கையை நீட்டிப் பந்தைப் பிடித்துவிட்டால் பக்கத்தில் நிற்கிற டிபென்டருக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை. 2009இல் ஆசிய சம்பியன், பிறகு 9 வருட இடைவெளிக்குப் பின் 2018இல் இறுதிப் போட்டியில் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றோம், 2022இல் 63க்கு 53. இந்த மூன்று அணியிலும் அவர் இருந்தார். 2022இல் அவருக்கு வயது 43. அந்தக் கடைசி வெற்றி, நம் கிரிக்கெட் அணி ஆசியக் கிண்ணம் வென்ற அதே செப்டம்பர் 11 அன்று வந்தது. நாடு இருந்த நிலைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியாது.

இதே தர்ஜினி 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டார். முழுத் தொடரிலும் ஆகக் கூடிய கோல் அவருடையது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமெய்க்கா என்று உலகத்தின் பெரிய சூட்டர்கள் எல்லாரும் வந்திருந்த தொடர். 16 அணிகளில் இலங்கை பிடித்த இடம் 15.

உலகத்திலேயே கூடக் கோல் போட்டவர் நம்மிடம். நாம் கடைசிக்கு முந்திய இடத்தில். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் எங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கிறது. உயரமான சூட்டரைத் தடுக்க முடியாது என்று தெரிந்த நல்ல அணி, அவரைத் தடுக்க நேரத்தை வீணாக்காது. பந்து அவரிடம் போகும் வழியைத் தடுக்கும். சென்டர் மேல், விங் அட்டாக் மேல் ஏறி நிற்கும். அவர்களுக்கு 3 செக்கன்தான். கண்ணுக்கு முன்னால் இரண்டு கை. அந்த நேரத்தில் உயரப் போடுவதைத் தவிர வேறொன்றும் பழகியிராத பிள்ளை என்ன செய்யும்?

நாங்கள் இதை நம் கிறவுண்டிலேயே கண்டோம். ஒரு போட்டிக்கு முதல் நாள் எங்கள் உயரமான பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்கு பயத்தில் உம்மா அனுப்பவில்லை, சரியான முடிவு. அவளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளை சூட்டர். நடுத்தர உயரம், ஆனால் கால் வேகம். சென்டர் பிள்ளை வழமைபோல ஓடினாள், வழமைபோலப் பந்தை வாங்கினாள். வாங்கியதும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். அங்கே நீட்டிய கை இல்லை. புதுச் சூட்டர் கீழே, வட்டத்தின் வலது ஓரத்தில், இடம் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சென்டரின் கண் அங்கே போகவே இல்லை. விசில். 3 செக்கன் தாண்டிவிட்டது. பந்து மறுபக்கத்துக்கு. கொஞ்ச நேரத்தில் இன்னொரு விசில். முதல் குவாட்டர் முடியும்போது பிள்ளையின் முகம் சுருங்கிப் போயிருந்தது.

அடுத்த குவாட்டரில் அவள் பழக்கத்தில் ஒரு ஹை போல் போட்டாள். ஆனி ஆடி மாதத்துக் கச்சான் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பந்து சூட்டரின் தலைக்கு மேலால் போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. உயரமான பிள்ளை நின்றிருந்தால் அதே பந்தை ஒற்றைக் கையால் இழுத்திருப்பாள். நாங்களும் கை தட்டியிருப்போம். அது நல்ல பாஸ் என்று சென்டரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

நட்சத்திரம் ஒரு சின்னப் பிள்ளையை எங்கே கட்டுப்படுத்துகிறது என்பது அன்றைக்கு எங்களுக்கு விளங்கியது. அது பெயரைப் பறிப்பதில் இல்லை. பிழையான பந்தையும் சரியாக்கி எடுத்துவிடுகிறது. அதனால் தன் பந்து பிழை என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. கணக்கில் பிழையாகச் செய்த பிள்ளைக்கு யாரோ ஒருவர் விடையை மட்டும் திருத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தால், பரீட்சை மண்டபத்தில் அந்தப் பிள்ளை தனியாக என்ன செய்யும்? கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த பாடம் இது. வகுப்பறையில் எல்லாரும் ஏற்றுக்கொள்வோம். கிறவுண்டில் கோல் விழுந்தால் மறந்துவிடுவோம்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ப்ரக்டிஸில் சில விசயங்களை மாற்றினோம். மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் பிரயோசனப்படலாம் என்பதால் சொல்கிறோம்.

ஒவ்வொரு ப்ரக்டிஸிலும் கடைசிப் பத்து நிமிடம் உயரமான பிள்ளை எதிர்ப்பக்கத்தில், டிபென்டராக நிற்பாள். சென்டர் அவளைத் தாண்டிப் பந்து கொடுக்க வேண்டும். உயரப் போட்டால் அவளே எடுத்துவிடுவாள். வேறு வழியில்லாமல் நிலத்தில் குத்திக் கொடுக்கும் பவுன்ஸ் பாஸ், ஏமாற்றிவிட்டுக் கொடுக்கும் பாஸ், விங் அட்டாக்கிடம் கொடுத்துத் திரும்ப வாங்கும் பாஸ் எல்லாம் வந்தன.

இரண்டாவது, கோல் அட்டாக்கின் கை படாமல் சூட்டருக்குப் பந்து போனால் அந்தக் கோல் ப்ரக்டிஸில் செல்லாது. ஆரம்பத்தில் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே எண்ணிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, எங்களிடம் ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பி இருக்கிறது. மெட்ச் நேரத்தில் ஒரு ஆசிரியர் கோலைப் பார்க்காமல் சென்டரையும் விங் அட்டாக்கையும் மட்டும் பார்த்து எழுதுவார். வட்டத்துக்குள் கொடுத்த நல்ல பந்து எத்தனை, பறித்த பந்து எத்தனை, இழந்த பந்து எத்தனை. கோல் கணக்கில் இடம் இல்லாத வேலைக்கு இந்தக் கொப்பியில் இடம் இருக்கிறது. மெட்ச் முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் முதலில் ஓடி வருவது இந்தக் கொப்பியைப் பார்க்கத்தான்.

உயரமான பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அவளை எல்லாரும் அதிர்ஷ்டக்காரி என்று நினைக்கிறார்கள். அவளோ எங்களிடம் வந்து சொன்னது இது.

"டீச்சர், எல்லாப் பந்தையும் எனக்கே போட்டா ரெண்டு பேர் என்னையே நெருக்கிட்டு நிக்கிறாங்க. கோல் அட்டாக்குக்கு ரெண்டு போட்டா ஒராள் அங்கால போவாங்க. அப்ப எனக்கும் லேசு. தங்கச்சிக்குச் சொல்லுங்க."

தோற்றால் பழியும் அவளுக்குத்தான். "இவ்வளவு உயரம் இருந்தும் அடிக்க ஏலாதா?" என்று கோட்டுக்கு வெளியே நின்று கேட்பவர்கள் நம் ஆட்கள்தான். தர்ஜினியும் சின்ன வயதில் தன் உயரத்துக்காகக் கேலி பட்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேலி செய்த அதே உயரத்தை நாடு பிறகு கொண்டாடியது. ஆகவே நட்சத்திரத்துக்கும் நல்ல சென்டர் தேவை. நல்ல சென்டர் வளர்ந்தால் அதில் முதலில் மூச்சு விடுவது நட்சத்திரம்தான்.

இனி மாமாவுக்கான பதில். அவர் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறோம்.

நானா, பிள்ளையை மாற்றுவதா இல்லையா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. எங்கள் அணிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக நாங்கள் எதையும் மறைக்க மாட்டோம். மூன்று விசயத்தைப் பாருங்கள்.

ஒன்று, பிள்ளைக்கு முழு மெட்சும் விளையாடக் கிடைக்கிறதா? இங்கே கிடைக்கிறது. அங்கேயும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இரண்டு, அவள் எப்படிப்பட்ட அணிகளோடு விளையாடுகிறாள்? உயரமான பிள்ளை இருப்பதால் எங்கள் அணி வலய மட்டத்தைத் தாண்டிப் போகிறது. அதனால் நம் சென்டருக்கும் பலமான சென்டர்களோடு முட்டக் கிடைக்கிறது. தெரிவாளர்கள் வந்து நிற்பதும் அந்த மெட்சுகளில்தான். முதல் சுற்றிலேயே தோற்கிற அணியில் பெரிய ஆளாக இருந்தால் எத்தனை பேர் பார்ப்பார்கள்?

மூன்று, அங்கே அவளுக்கு யார் பிழை சொல்வார்கள்? "அங்க இவதான் எல்லாம்" என்றீர்கள். எல்லாம் தானே என்று இருக்கிற இடத்தில் 14 வயதுப் பிள்ளை தன் பிழையைக் காண்பது கஷ்டம். இங்கே உயரமான பிள்ளை அந்தப் பிழையை மறைக்கலாம், அங்கே ஆள் இல்லாத குறை அதை மறைக்கலாம். எங்கே இருந்தாலும் யாராவது ஒருவர் கொப்பியும் பேனையுமாக அவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு ஆசிரியர் அந்தப் பாடசாலையில் இருந்தால் நாங்களே விடுகைப் பத்திரத்துக்குச் சந்தோசமாக உதவி செய்வோம்.

இன்னொரு விசயம். அடுத்த வருடக் கடைசியில் உயரமான பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதுவாள். அதற்கு முதலே வயது எல்லையும் தாண்டிவிடும். அதன்பிறகு இந்த அணி உங்கள் மருமகளின் கையில்தான். அந்த நாளுக்கு அவள் தயாராகும் வருடம் இது. இங்கே இருந்தால் அந்தப் பொறுப்பை நாங்கள் எடுத்திருக்கிறோம்.

பிள்ளையிடமும் கேட்டோம். பெரியவர்கள் இவ்வளவு கதைக்கும்போது அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது எங்களுக்கு உறுத்தியது. "மகள், அந்த ஸ்கூலுக்குப் போக விருப்பமா?" என்றோம். கொஞ்ச நேரம் பிப்பின் நாடாவை இழுத்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள், "அங்கயும் நான் சென்டர்தானே டீச்சர்? அப்ப அங்க நான் யாருக்குப் போடுற?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. மாமாவிடம் அப்படியே சொன்னோம். அவர் சிரித்தார். இன்னும் முடிவு எடுக்கவில்லை. எடுக்கும் முடிவு எதுவானாலும் அது நம் ஊர்ப் பிள்ளைதான், அல்லாஹ் நல்லதையே நாடட்டும்.

கடைசியாக ஊராரிடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் நீளக் கை சட்டையும் ஹிஜாபும் அணிந்து வெயிலில் ஓடுகிறார்கள். அதைப் பற்றி ஒரு காலத்தில் வந்த கதைகள் இப்போது குறைந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். உம்மாமார் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு வந்திருக்கிறோம். வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூடினால் நல்லது. வந்தால் ஒன்று செய்யுங்கள். கோல் விழுந்ததும் சூட்டருக்குக் கை தட்டுவீர்கள், தட்டுங்கள். தட்டிவிட்டு, அந்தப் பந்து யாருடைய கையிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்து அந்தப் பிள்ளையின் பெயரையும் ஒருமுறை சொல்லிக் கூப்பிடுங்கள். வகுப்பில் கை தூக்கக்கூட வெட்கப்படுகிற பிள்ளைகள் இவர்கள். கிறவுண்டில் தன் பெயர் கேட்டால் அடுத்த பந்துக்கு எப்படி ஓடுகிறார்கள் என்று பாருங்கள்.

செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு ப்ரக்டிஸ். இன்ஷா அல்லாஹ், சந்திப்போம்.